பழைய தீர்மானங்களைக் கணக்குப் பார்த்துப் புதியவை எடுப்பது எப்படி?

டிசம்பர் 31 இரவு பத்து மணிக்கு மேல் அவசர அவசரமாகத் தீர்மானம் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஆண்டு என்ன தீர்மானம் எடுத்தீர்கள் என்று கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. நினைவிருப்பவர்கள் பேச்சை மாற்றுவார்கள். நானும் இந்தச் சுழலில் பல ஆண்டுகள் கிடந்தவன்தான். வருமான வரிக் கணக்குக்கு உட்காருவதுபோல் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார ஆரம்பித்த பிறகே ஏதோ உருப்படியாக நடந்தது. அந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவர் அப்படியே பின்பற்றலாம்.

தேவைப்படுவது இரண்டு மாலைப் பொழுதுகள், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலை, ஒரு கோடு போட்ட நோட்டு. பரிசோதனைக் கட்டணத்தை விட்டுவிட்டால் செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. தீர்மானங்களை எழுதுவதற்கென்றே தோல் அட்டை போட்ட விலையுயர்ந்த நாட்குறிப்பு விற்கிறார்கள். வாங்காதீர்கள். அதில் கிறுக்க மனம் வராது, கிறுக்காமல் இந்த வேலை நடக்காது.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

ஜனவரி 1 இந்த வேலைக்கு உதவாது. காலையில் கோயில் வரிசை, பிறகு வாழ்த்துகளுக்குப் பதில், மதியம் விருந்து, மாலையில் அசதி. டிசம்பர் 26 முதல் 30 வரைதான் தோதான நாட்கள். அரையாண்டு விடுமுறை என்பதால் காலையில் டிபன் டப்பா கட்டும் ஓட்டம் இருக்காது. அலுவலகத்திலும் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். ஆண்டின் வரவு செலவும் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வரிச் சலுகைக்கான சான்றுகளை நிறுவனங்கள் பெரும்பாலும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ கேட்கும். அதற்குத் தேட வேண்டிய ரசீதுகளில் பாதி இதற்கும் வேண்டியவை. ஒரே தேடலில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் வாதாடாதீர்கள். மார்கழியில் கணக்குப் பார்த்துவிட்டு, தை முதல் நாளில் தொடங்குங்கள். இடையில் கிடைக்கும் இரண்டு வாரம் மிகவும் பயனுள்ளது. எழுதி வைத்ததைத் திரும்பப் படிக்கும்போது பாதி தானாக உதிர்ந்துவிடும்.

பொங்கலும் போய்விட்டதா? பிறந்த நாள், ஏப்ரல் 1, சித்திரை முதல் நாள், ஏதேனும் ஒரு திங்கட்கிழமை, எதுவானாலும் சரி. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவோரின் எண்ணிக்கை ஆண்டின் தொடக்கத்தில் மட்டுமின்றி, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்த நாளுக்குப் பிந்தைய நாட்களிலும் கூடுவதைக் கண்டார்கள். ஜனவரி போனதால் அந்த ஆண்டே போயிற்று என்று கைகழுவ வேண்டியதில்லை.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

முதல் மாலை முழுவதும் இதற்குத்தான். நினைவை நம்பி உட்கார்ந்தால், கடைசியாக நடந்த நல்லதோ கெட்டதோ மொத்த ஆண்டையும் மூடி மறைத்துவிடும். எடுத்து வைக்க வேண்டியவை இவை.

போன ஆண்டின் தீர்மானங்கள், எழுதியது எழுதியபடியே. நாட்குறிப்பிலோ, உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தியிலோ, நண்பரிடம் வீறாப்பாகச் சொன்ன உரையாடலிலோ அவை இருக்கும். தேடுங்கள். "உடம்பைப் பார்த்துக்கொள்வேன்" என்று எழுதியிருந்தால், அதை இப்போது "வாரம் மூன்று நாள் நடப்பேன்" என்று திருத்தி வாசிக்காதீர்கள். கிடைக்கவே இல்லையென்றால் "எழுதவில்லை" என்று முதல் பக்கத்தில் குறித்துவிட்டு மேலே போங்கள்.

வங்கிக் கணக்கு அறிக்கை, ஜனவரி 1 முதல் டிசம்பர் வரை. வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பாஸ்புத்தகம் போதாது. நெடுநாள் பதியாமல் விட்டிருந்தால் பல பதிவுகளைச் சேர்த்து ஒரே வரியாக அடித்துத் தரும் வங்கிகள் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தால் எல்லாவற்றுக்கும் எடுங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதற்கும்.

கடனைக் குறைப்பது உங்கள் தீர்மானமாக இருந்திருந்தால் கடன் மதிப்பு அறிக்கையும் வேண்டும். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் கேட்கும் திட்டத்தைத்தான் இணையதளத்தில் முன்னால் காட்டுவார்கள். இலவச அறிக்கைக்கான இணைப்பு பக்கத்தின் மூலையில் ஒளிந்திருக்கும்.

ஆய்வகப் பரிசோதனைச் சீட்டுகள், மருத்துவரின் மருந்துச் சீட்டுகள். கைபேசியில் பதிவான நடை எண்ணிக்கை. திரை பார்த்த நேரத்தின் பதிவு சில வாரங்களுக்கு மேல் பின்னால் போகாது. ஆகவே அதை இன்றே படம் பிடித்து வைத்துவிடுங்கள். வகுப்பில் சேர்ந்த ரசீது, தேர்வு நுழைவுச் சீட்டு, நூலக அட்டை. கடைசியாக, கைபேசியின் புகைப்படங்களை மாதவாரியாக ஒரு புரட்டு. மார்ச் மாதம் முழுக்க மருத்துவமனை வராந்தா தெரிந்தால் அந்த மாதத்தில் ஏன் எதுவும் நடக்கவில்லை என்று வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

என்னிடம் ஒரு பழைய நாட்குறிப்பு இருக்கிறது. ஒரு பாத்திரக் கடை இலவசமாகக் கொடுத்தது. ஜனவரியின் முதல் பக்கங்களில் நீல மையில் குண்டு குண்டான எழுத்து: எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை சுற்று நடந்தேன். பிறகு எழுத்து சாய்கிறது, வரிகள் குறைகின்றன. அதன்பின் வெள்ளைத் தாள்கள். மார்ச்சில் திடீரென்று பால் கணக்கு, அதற்குக் கீழே ஒரு பிளம்பரின் தொலைபேசி எண். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடைக்கும். எறிந்துவிடாதீர்கள், எந்த வாரத்தில் எழுத்து சாய்ந்தது என்பது அடுத்த படிக்குத் தேவை.

3. நான்கு கட்டம் போட்டுக் கணக்குப் பாருங்கள்

நோட்டின் இரு பக்கத்தையும் விரித்து நான்கு கட்டங்கள் போடுங்கள்: தீர்மானம், சான்று, நின்ற மாதம், அந்த நேரத்தை எது எடுத்துக்கொண்டது.

சான்று இல்லாமல் "ஓரளவு செய்தேன்" என்று எழுதக் கூடாது. சேமிப்பேன் என்றீர்களா, ஜனவரித் தொடக்கத்தில் இருந்த இருப்பையும் டிசம்பர் இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இனிப்பைக் குறைப்பேன் என்றீர்களா, பரிசோதனைச் சீட்டிலுள்ள மூன்று மாதச் சர்க்கரை அளவை (HbA1c) எழுதுங்கள். வெளிச்சாப்பாட்டைக் குறைப்பேன் என்றால், உணவு விநியோகச் செயலிகளுக்குப் போன தொகையை அறிக்கையில் தேடிக் கூட்டுங்கள். முதல்முறை கூட்டுபவர்கள் தனியாக உட்கார்ந்து கூட்டுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

மூன்றாவது கட்டம்தான் மிக முக்கியம். மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, எந்த மாதத்தில் நின்றது என்பதை மட்டும் பாருங்கள். ஏனென்றால் நம் ஊரில் ஆண்டு என்பது பன்னிரண்டு சம மாதங்கள் கிடையாது. காலை நடை ஏப்ரலில் நின்றிருந்தால் வெயில். ஏழு மணிக்கே முதுகில் அடிக்கிறது. நவம்பரில் நின்றிருந்தால் வடகிழக்குப் பருவமழை. மைதானம் சேறு, தெருவில் தண்ணீர். சேமிப்பு ஜூனில் நின்றிருந்தால் பள்ளிக் கட்டணம், சீருடை, பேருந்துக் கட்டணம். அக்டோபரில் நின்றிருந்தால் தீபாவளித் துணியும் பலகாரமும். புத்தகம் படிப்பது மார்ச்சில் நின்றிருந்தால் பிள்ளையின் பொதுத்தேர்வு அல்லது அலுவலகத்தில் நிதியாண்டுக் கணக்கு முடிப்பு. இரண்டு மூன்று ஆண்டுகளின் தாள்கள் கிடைத்தால், ஒரே தீர்மானம் ஒரே மாதத்தில் திரும்பத் திரும்ப நிற்பதைக் காண்பீர்கள். இந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். என்மீது நானே வைத்திருந்த குற்றச்சாட்டுகளில் பல, நாட்காட்டியின்மீது வைக்க வேண்டியவையாக இருந்தன.

நான்காவது கட்டத்தில் "சோம்பல்" என்ற சொல்லுக்குத் தடை. சோம்பல் என்று எழுதினால் அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை. அந்த நேரம் எதற்குப் போனது என்று எழுதுங்கள்: இரவு பன்னிரண்டு வரை கைபேசி, மாமியாரின் மாத்திரை வேளை, தண்ணீர் லாரி வரும் நேரம், ஷிப்டு மாற்றம். தண்ணீர் லாரி காலை ஆறு மணிக்கு வரும் தெருவில் ஆறு மணி யோகா எத்தனை ஆண்டு எழுதினாலும் நடக்காது.

பக்கத்தின் அடியில் சில வரிகள் விட்டு, திட்டமிடாமல் செய்தவற்றையும் எழுதுங்கள். அப்பாவின் கண்புரை அறுவைக்கு உடனிருந்தது, நின்றுபோன பட்டா மாறுதலை முடித்தது, கடனில் ஒரு பகுதியை அடைத்தது. அந்த ஆண்டின் உழைப்பு அங்கே போயிருக்கலாம்.

4. விட வேண்டியதை விடுங்கள், பணத்தையும் நிறுத்துங்கள்

முடிந்ததைக் கோடு போட்டு அடியுங்கள். தொடர்வதைச் சுழியுங்கள். மூன்றாம் ஆண்டாகத் தொடாமலே வரும் தீர்மானத்தைக் கைவிடுங்கள். வீணை கற்காததால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கைவிட்டதற்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வங்கி அறிக்கையில் 99, 149, 199 என்று ஒரே தொகை ஏறக்குறைய ஒரே தேதியில் திரும்பத் திரும்ப வந்தால் அது தானியங்கிப் பிடித்தம். மொழி கற்பிக்கும் செயலி, தியானச் செயலி, மின்னிதழ், ஓடிடி என ஏதோ ஒன்று. பலர் விழும் குழி இதுதான்: கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. யுபிஐ செயலியில் "ஆட்டோபே" என்ற பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். கார்டு வழியாகப் போனால் வங்கியின் இணையதளத்திலோ, அந்தச் செயலியின் சந்தாப் பக்கத்திலோ நிறுத்த வேண்டும். பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். ரத்து செய்ததும் உறுதிச் செய்தியைப் படம் பிடித்து வையுங்கள்.

5. மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றையும் வாக்கியமாக எழுதுங்கள்

இது இரண்டாவது மாலை. உடம்புக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று, மனதுக்குப் பிடித்தது ஒன்று. நான்காவதாக ஒன்று தோன்றினால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு ஜூலையில் பாருங்கள்.

ஒவ்வொரு தீர்மானத்திலும் எப்போது, எங்கே, தடை வந்தால் என்ன என்ற மூன்றும் இருக்க வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-கள் முதலே ஆராய்ந்து சொல்லிவரும் விஷயம் இது. "இன்ன சூழல் வந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள், வெறும் விருப்பத்தோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள்.

"உடற்பயிற்சி செய்வேன்" என்பதை இப்படி மாற்றுங்கள்: "திங்கள் முதல் வெள்ளி வரை, காலைக் காப்பிக்கு முன், பூங்காவில் 30 நிமிடம் வேகமாக நடப்பேன். மழை பெய்தால் மொட்டை மாடிப் படிக்கட்டில் ஏறி இறங்குவேன்." வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு இதில் நிறைவேறிவிடும். தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளப்படுத்தியது. உங்கள் ஊர்ப் பாதை அருகில் இருந்தால் பயன்படுத்துங்கள். காசு கிடையாது.

"சேமிப்பேன்" என்பதற்கு: "சம்பளம் வந்த மறுநாள் ரூ.2,000 தொடர் வைப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்." மிச்சம் இருப்பதைச் சேமிக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது.

"வாசிப்பேன்" என்பதற்கு: "இரவுச் சாப்பாட்டுக்குப் பின், கைபேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, படுக்கையில் பத்துப் பக்கம்." கைபேசி எங்கே இருக்கும் என்று எழுதாத வாசிப்புத் தீர்மானத்தை நான் தீர்மானமாகவே மதிப்பதில்லை.

6. செலவையும் கெடுவையும் எழுதுங்கள்

ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடக்கச் செலவு, மாதச் செலவு, கடைசித் தேதி. தேதி தெரியாமல் தொடங்கியதால் வீணாகும் தீர்மானங்கள் நிறைய.

ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள். "இந்த ஆண்டு கார் ஓட்டக் கற்பேன்" என்பது ஜனவரியில் பலர் சொல்வது. பழகுநர் உரிமம் (எல்எல்ஆர்) ஆறு மாதமே செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆக உங்களுக்கு உண்மையில் இருப்பது ஐந்து மாதம். ஜனவரி உற்சாகத்தில் எல்எல்ஆர் எடுத்துவிட்டு, கோடை விடுமுறையில் பயிற்சிப் பள்ளியில் சேரலாம் என்று விட்டால், ஜூலையில் அது காலாவதியாகி மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பயிற்சிப் பள்ளியில் இடம் உறுதியான பிறகு எல்எல்ஆர் போடுங்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவச் சான்றும் தேவை. அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய், பயிற்சிக்குத்தான் ஆயிரங்கள். பள்ளி சொல்லும் தொகையில் எத்தனை வகுப்பு, தேர்வு நாளில் வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உடற்பயிற்சிக் கூடம்: ஜனவரியில் "ஓராண்டு சேர்ந்தால் பாதி விலை" என்று பலகை தொங்கும். ஓராண்டுக் கட்டணம் கட்டாதீர்கள். மாதத் தொகை அதிகமாகத் தெரிந்தாலும் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். மூன்றாம் மாதமும் போய்க்கொண்டிருந்தால் பிறகு பேரம் பேசலாம், அப்போது கூட்டமும் குறைந்திருக்கும். கட்டணம் திரும்பக் கிடைக்குமா, இடையில் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வரவேற்பறையில் வாயால் சொன்னது பிறகு செல்லாது.

ரத்தப் பரிசோதனை: மூன்று மாதச் சர்க்கரை அளவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரைக்குக் குறைந்தது எட்டு மணி நேரப் பட்டினி வேண்டும். கொழுப்புப் பரிசோதனைக்கும் பெரும்பாலான ஆய்வகங்கள் வெறும் வயிற்றில் வரச் சொல்லும். முந்தைய நாள் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். தீர்மானம் பலித்ததா என்று பார்க்க மூன்று மாதத்துக்குள் திரும்ப எடுப்பது காசுக்குக் கேடு. அந்த எண் இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு, மருத்துவக் காப்பீட்டுக்கான வரிக் கழிவின் வரம்புக்குள் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகவே பார்ப்பார்கள். மருந்து ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் உணவையோ உழைப்பையோ மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

சேமிப்பு: அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், காலம் ஐந்து ஆண்டு. மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். அதற்குப் பின் தொடங்கினால் மாதக் கடைசி வரை நேரம் உண்டு. ஒன்றாம் தேதி சம்பளம் வராதவர்கள் இதைப் பார்த்துத் தொடங்குங்கள். நான்கு தவணை தவறினால் கணக்கு முடங்கும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) என்றால் நிதியாண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். ஐந்தாம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும். பதினைந்து ஆண்டுத் திட்டம் என்பதை மறந்து அவசரத் தேவைக்கான பணத்தை அதில் முடக்க வேண்டாம்.

தட்டச்சு கற்பவர்களுக்கு அரசுத் தேர்வு பிப்ரவரி, ஆகஸ்ட் என ஆண்டுக்கு இருமுறை. ஜனவரியில் சேர்பவர் ஆகஸ்டை வைத்துத் திட்டமிடுங்கள். வாசிப்புத் தீர்மானக்காரர்களுக்குச் சென்னைப் புத்தகக் காட்சி சரியாக இந்த நேரத்தில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் வரும். பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கம். ஆனால் வாங்குவது வாசிப்பதாகாது. போன காட்சியில் வாங்கிப் பிரிக்காமல் கிடக்கும் புத்தகங்களை எண்ணி, அந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.

7. நம் நாட்காட்டியில் ஏற்றுங்கள்

தினசரிக் காலண்டரில் தேதி கிழிப்பவர்களானால் அதன் அட்டையிலேயே எழுதலாம். மூன்றாவது கட்டத்தில் கண்டுபிடித்த "நின்ற மாதங்கள்" இங்கேதான் வேலைக்கு வரும்.

மார்கழிக் காலையின் குளிரில் தொடங்கும் நடை சுகமாகத்தான் இருக்கும். மார்ச் கடைசியிலேயே நேரத்தை மாற்றுவதாக எழுதுங்கள்: மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரி வெயில் முடியும்வரை மாலை ஆறரைக்கு மேல். ஜூனில் சேமிப்புத் தொகையைப் பாதியாக்கி, போனஸ் வரும் மாதத்தில் அந்தப் பாதியைச் சேர்ப்பதாக எழுதுங்கள். அசைவத்தைக் குறைக்க நினைப்பவர் புரட்டாசியில் தொடங்கினால் ஊரே துணைக்கு வரும். உணவுக் கட்டுப்பாட்டைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் தொடங்குபவருக்கு என் அனுதாபங்கள்.

குடியையோ புகையையோ விட நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். உறுதி இல்லை என்று அவரை யாரும் சொல்ல முடியாது. மாலையைக் கழற்றிய மாலையே நண்பர்கள் கூப்பிடும் இடத்தில் பலருடைய விரதம் முடிந்துபோகிறது. விரத நாட்களில் ஊரும் உடையும் சேர்ந்து காவல் காத்தன. கழற்றிய பின் அந்தக் காவல் இல்லை. எனவே கழற்றும் நாளுக்கும் அடுத்த இரண்டு வாரத்துக்கும்தான் திட்டம் தேவை: அந்த மாலை எங்கே இருப்பேன், யார் கூப்பிட்டால் என்ன சொல்வேன். தினமும் அதிகம் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்துவது ஆபத்தில் முடியலாம். அவர்கள் மருத்துவ ஆலோசனையோடுதான் நிறுத்த வேண்டும்.

ஒரு மண்டலம் போதுமா என்று கேட்டால், எல்லோருக்கும் போதாது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு செயல் தன்னியல்பாவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இருபத்தோரு நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று விற்கப்படும் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. மாதம் ஒருமுறை கால் மணி நேரம்

மாதத்தின் கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின். நோட்டில் மூன்று தீர்மானத்துக்கும் பன்னிரண்டு கட்டம் போட்டு, நடந்ததற்கு ஒரு டிக், பாதி நடந்ததற்கு ஒரு கோடு. வேறு எதுவும் எழுத வேண்டாம். வீட்டில் ஒருவர் உடனிருந்தால் நல்லது, ஆனால் அவர் நினைவூட்டுபவராக இருக்கட்டும், கண்காணிப்பாளராக வேண்டாம். சமூக ஊடகத்தில் அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. வாழ்த்து வந்து குவிந்ததும் வேலை முடிந்த நிறைவு வந்துவிடுகிறது.

இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பதறாதீர்கள். மேலே சொன்ன லாலி குழுவின் ஆய்விலேயே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாக நடப்பது முழங்காலுக்குத்தான் கேடு.

மார்ச் மாதப் பார்வையை மட்டும் 31-க்கு முன்பே, 25-ஆம் தேதி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிபிஎஃப் குறைந்தபட்சத் தொகை, வரிச் சேமிப்பு, வரிக் கழிவுக்கான காப்பீட்டுத் தவணை எல்லாவற்றுக்கும் மார்ச் 31-தான் கெடு. கடைசி நாளில் வங்கிச் சேவையகங்கள் திணறும். அந்த 25-ஆம் தேதிப் பார்வையிலேயே நடை நேரத்தை மாலைக்கு மாற்றுவதையும் செய்துவிடலாம். ஜூன் பார்வையில், ஆறு கட்டத்திலும் டிக் விழாத தீர்மானத்தின் அளவைப் பாதியாகக் குறையுங்கள்: பத்துப் பக்கம் ஐந்தாகட்டும், ஐந்து நாள் மூன்றாகட்டும்.

இரண்டு மூன்று மாதம் நோட்டைத் திறக்கவே இல்லை என்றால், விட்டுப்போனவற்றை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். கட்டங்களைக் காலியாக விட்டு, நடப்பு மாதத்திலிருந்து எழுதுங்கள். எந்தெந்தக் கட்டங்கள் காலி என்பது டிசம்பரில் "நின்ற மாதம்" பகுதியை நிரப்பும்போது தேவைப்படும்.